ஈரல் மஞ்சளானால் விற்றமின் போதுமா?
மீன் வளர்ப்பு: வாசகர் கேள்வி பதில்

திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இம்முறை ஒரே விடயத்தைச் சுற்றியே இருந்தன: மீனின் கொழுப்பும் தீனில் சேர்க்கும் விற்றமின்களும். அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

சீமெந்துத் தாங்கியில் திலாப்பியா வளர்க்கிறேன். அரைவாசி தவிடு, மூன்றிலொரு பங்களவு தேங்காய்ப் புண்ணாக்கு, மிச்சம் கருவாட்டுத் தூள். மீன் பருமனாக இருக்கிறது, ஆனால் வெட்டினால் வயிறு முழுக்கக் கொழுப்பு, ஈரல் மஞ்சள். விற்றமின் போட்டால் கொழுப்புக் கரைந்துவிடும் என்று கடையில் சொல்கிறார்கள். உண்மையா?
— வாசகர், கிண்ணியா

இல்லை. கொழுப்பைக் கரைக்கும் விற்றமின் என்று ஒன்று கிடையாது. கொழுப்பை உடல் கட்டவும், எரிக்கவும், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்பவும் விற்றமின்கள் தேவை. அவை குறைந்தால் அந்த வேலை தடைப்படும். போதுமான அளவு இருக்கும்போது மேலும் கொட்டினால் வேலை வேகமாகாது.

முதலில் உங்கள் தீனைக் கணக்குப் பார்ப்போம். 10 கிலோவில் 5 கிலோ தவிடு, 3 கிலோ புண்ணாக்கு, 2 கிலோ கருவாட்டுத் தூள் என்று வையுங்கள். தவிட்டில் புரதம் ஏறத்தாழ 12 வீதம், கொழுப்பு 15 வீதம். செக்கில் ஆட்டிய தேங்காய்ப் புண்ணாக்கில் புரதம் 20, கொழுப்பு 9 அளவில். கருவாட்டுத் தூளில் புரதம் 45 முதல் 50, கொழுப்பு 8. எல்லாம் கூட்டினால் உங்கள் தீனில் புரதம் 22 வீதம், கொழுப்பு 12 வீதம். வளரும் திலாப்பியாவுக்கு வேண்டியது 28 முதல் 30 வீதப் புரதமும் 5 முதல் 8 வீதக் கொழுப்பும். தசை கட்டப் புரதம் போதவில்லை, சக்தி மட்டும் மிஞ்சுகிறது. மிஞ்சியது வயிற்றில் படிகிறது. இதற்கு விற்றமின் மருந்தல்ல, கலவையை மாற்றுவதுதான் மருந்து.

3 கிலோ தவிடு, 1.5 கிலோ தேங்காய்ப் புண்ணாக்கு, 3 கிலோ எண்ணெய் எடுத்த சோயாத் தூள், 2 கிலோ கருவாட்டுத் தூள், ஒட்டுவதற்கு அரைக் கிலோ கோதுமை மா. இதில் புரதம் 30 வீதத்துக்கு வரும், கொழுப்பு 8 வீதத்துக்கு இறங்கும். கருவாட்டை அரைக்கமுன் உப்புப் போகக் கழுவி உலர்த்துங்கள்.

வயிற்றுக் கொழுப்பும் ஈரல் கொழுப்பும் வேறு வேறு. வயிற்றில் இருப்பது சேமிப்பு. ஈரலில் தேங்குவதோ, அங்கு சேர்ந்த கொழுப்பு வெளியேற முடியாமல் நிற்பதன் அடையாளமாக இருக்கலாம். ஈரலிலிருந்து கொழுப்பு இரத்தத்துக்குப் போக வேண்டுமானால் அதைப் புரதத்தாலும் பொஸ்போலிப்பிட் என்ற பொஸ்பரசு சேர்ந்த கொழுப்பாலும் பொதி செய்ய வேண்டும். அந்தப் பொஸ்போலிப்பிட்டைச் செய்யக் கோலின் என்ற விற்றமின் வகைச் சத்துத் தேவை. கோலின் குறைந்தால் பொதி உருவாகாது, கொழுப்பு ஈரலிலேயே தங்கிவிடும். இனோசிற்றோல் என்ற இன்னொரு சத்தின் குறைவிலும் இதே போன்ற ஈரல் கொழுப்புக் காணப்பட்டிருக்கிறது.

ஆனால் கோலின் வாங்கமுன் அதையும் கணக்குப் பாருங்கள். திலாப்பியாவுக்குக் கிலோ தீனில் 1000 மில்லிகிராம் கோலின் போதும். சோயாத் தூளில் கிலோவுக்கு ஏறத்தாழ 2700 மி.கி., மீன் தூளில் 3000 அளவில், தவிட்டில் 1100 முதல் 1200, தேங்காய்ப் புண்ணாக்கில் 1000 மி.கி. இருக்கிறது. நாம் சொன்ன புதுக் கலவையில் கிலோவுக்கு 1800 மி.கி.க்கு மேல் வந்துவிடும். உங்கள் பழைய கலவையிலும் 1400 மி.கி.க்குக் குறையவில்லை. ஆகவே உங்கள் மீனின் ஈரல் மஞ்சளுக்குக் கோலின் குறைவு முதற்காரணமாக இருக்க வாய்ப்பில்லை. சோயாவும் மீன் தூளும் உள்ள தீனுக்குக் கோலின் தனியே வாங்குவது பெரும்பாலும் வீண் செலவு.

மரவள்ளி மா, சோள மா போன்ற மாப்பொருளை அதிகமாக்கி மீன் தூளைக் குறைப்பவர்களுக்குத்தான் கோலின் தேவைப்படும். கடைகளில் வருவது 60 வீதக் கோலின் குளோரைட்டுத் தூள். அதில் உண்மையான கோலின் 52 வீதம்தான். கிலோ தீனுக்கு 2 கிராம் தூள் போட்டால் ஏறத்தாழ 1000 மி.கி. கோலின் கிடைக்கும். அது காற்றின் ஈரத்தை இழுத்துக் கட்டியாகும். மற்ற விற்றமின்களோடு சேர்த்து வைத்தால் அவற்றையும், முக்கியமாக சி, கே, பி1 ஆகியவற்றை அழிக்கும். தனிப் போத்தலில் வைத்து, தீன் கலக்கும் அன்று மாவோடு சேருங்கள்.

ஈரலில் இருப்பது கொழுப்புத்தானா என்று வீட்டில் எப்படிப் பார்ப்பது?
— மாணவி, நிலாவெளி

காலையில் தீன் போடமுன் ஐந்தாறு மீனைப் பிடியுங்கள். ஒவ்வொன்றையும் நிறுத்து, வயிற்றைத் திறந்து, பித்தப்பையை உடைக்காமல் ஈரலை எடுத்து நிறுங்கள். பித்தம் உடைந்தால் ஈரல் பச்சை படிந்து நிறம் தெரியாது. ஈரல் நிறையை மீனின் நிறையால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 250 கிராம் மீனில் 5 கிராம் ஈரல் என்றால் 2 வீதம். ஒருமுறை கிடைக்கும் எண் பெரிதாக எதையும் சொல்லாது. மாதம் ஒருமுறை, அதே நேரத்தில், அதே அளவு மீனில் எடுத்து எழுதி வாருங்கள். அது ஏறிக்கொண்டே போனால் கவனிக்க வேண்டும்.

நல்ல ஈரல் செங்கபில நிறம், ஓரம் கூர்மையாக இருக்கும். கொழுப்பேறிய ஈரல் மஞ்சளாகி, ஓரம் உருண்டு, கத்தியால் வெட்டினால் அலகில் எண்ணெய்ப் பசை படியும். கொழுப்பு மிக அதிகமென்றால் வெட்டிய துண்டு தண்ணீரில் மிதக்கும். வெளிறிய ஈரல் எல்லாம் கொழுப்பு ஈரலல்ல. மாப்பொருள் அதிகமாகத் தின்ற மீனின் ஈரலில் கிளைக்கோஜன் என்ற சேமிப்பு மாப்பொருள் சேர்ந்தாலும் ஈரல் பெருத்து வெளிறும், ஆனால் அலகில் எண்ணெய் படியாது. ஐயமிருந்தால் சிறு துண்டை 10 வீதப் போமலினில் இட்டுப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

கபில நிறமும் மஞ்சளும் கலந்து திட்டுத் திட்டாக இருந்தால் அது இன்னும் கவலைக்குரியது. கெட்ட கொழுப்புத் தின்ற மீனின் ஈரலில் சீரொயிட் என்ற கழிவு நிறமி படியும். அடுத்த கேள்வி அதைப் பற்றியதே.

மில்லில் தவிடு மலிவாகக் கிடைக்கும் நேரம் பத்துப் பதினைந்து மூட்டை வாங்கி அடுக்கி வைக்கிறேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு மீன் தீனில் விருப்பமில்லாமல் நிற்கிறது. சிலவற்றின் முதுகு கத்தி போல மெலிந்துவிட்டது. என்ன விற்றமின் கொடுக்கலாம்?
— வாசகர், தம்பலகாமம்

முதலில் அந்தத் தவிட்டை நிறுத்துங்கள். விற்றமின் அதற்குப் பிறகு.

அரிசியைத் தீட்டும்வரை தவிட்டின் எண்ணெயும் அதை உடைக்கும் நொதியமும் தனித்தனிப் படைகளில் இருக்கின்றன. தீட்டும்போது இரண்டும் கலக்கின்றன. பச்சையரிசித் தவிட்டில் அன்றிலிருந்தே எண்ணெய் உடைந்து கொழுப்பமிலங்கள் விடுபடத் தொடங்கும். விடுபட்ட கொழுப்பமிலம் தானே நஞ்சல்ல, ஆனால் விரைவாக ஒட்சியேறும், அதாவது காற்றின் ஒட்சிசனோடு சேர்ந்து கெடும். புழுங்கல் நெல்லில் அவிக்கும்போதே நொதியம் செத்துவிடுவதால் இந்த உடைவு நடப்பதில்லை. அதை நம்பிப் பலர் புழுங்கல் தவிட்டை நீண்ட நாள் வைக்கிறார்கள். புழுங்கல் தவிட்டில் எண்ணெய் கூடுதல், அதைக் காக்கும் இயற்கைப் பொருள்கள் அவித்தலில் குறைந்திருக்கும். நேரே காற்றோடு சேர்ந்து காறல் ஏறும். கச்சான் அடிக்கும் மாதங்களில் தகரக் கூரைக் களஞ்சியத்தில் இது வெகு சீக்கிரம் நடக்கும்.

மீனுக்குள் நடப்பது இதுதான். ஒட்சியேறிய கொழுப்பு கலங்களின் மென்சவ்வில் சங்கிலித் தாக்கத்தைத் தொடக்குகிறது. அதை நிறுத்துவது விற்றமின் ஈ. ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் ஈ செலவாகிறது. கெட்ட தீன் நாள்தோறும் வந்தால் ஈரலில் உள்ள ஈ தீர்ந்து, ஈரல் கெட்டு, தசை கரையும். யப்பானில் காறல் ஏறிய பட்டுப்புழுக் கூட்டுப்புழுவைத் தின்ற கெண்டை மீன்களில் முதுகுத் தசை கரைந்து மெலியும் நோய் வந்தது. செகோக்கே நோய் என்று பெயர். விற்றமின் ஈ சேர்த்ததும் அதைத் தடுக்க முடிந்தது. உங்கள் மீனின் கத்தி முதுகுக்குப் பட்டினி, ஒட்டுண்ணி, நாட்பட்ட நோய் ஆகியவையும் காரணமாகலாம். ஆனால் இரண்டு மாதத் தவிடும் சேர்ந்திருக்கும்போது ஐயம் முதலில் தவிட்டின் மேல்தான் விழ வேண்டும்.

தீனில் கொழுப்புக் கூடக்கூட ஈ தேவையும் கூடும். நைல் திலாப்பியாவில் தீனின் கொழுப்பு 5 வீதமாக இருந்தபோது கிலோவுக்கு 50 முதல் 100 மி.கி. ஈ போதுமாக இருந்தது. கொழுப்பு 10 முதல் 15 வீதமானபோது 500 மி.கி. தேவைப்பட்டதாகப் பதிவு உண்டு. கலப்பினத் திலாப்பியாவில் இதைவிடக் குறைந்த அளவுகளே போதுமென்று வந்தது. கொழுப்பு 8 வீதத்துக்குள், தீன் புதிது என்றால் கிலோவுக்கு 100 மி.கி. வையுங்கள்.

பலர் தவறவிடும் ஒன்று: கடையில் வாங்கும் ஈ, அசற்றேற்று வடிவில் இருக்கிறது. அது மீனின் குடலில் பிரிந்த பிறகே வேலை செய்யும். மூட்டைக்குள் இருக்கும் தீனின் எண்ணெயை அது காக்காது. மூட்டையைக் காக்க பீ.எச்.ரீ. போன்ற ஒட்சியேற்றத் தடுப்பியைத்தான் சேர்க்க வேண்டும், கிலோ தீனுக்கு 150 மி.கி.க்கு மேற்படாமல்.

தவிட்டை இரண்டு வாரத்துக்கு வேண்டிய அளவு மட்டும் வாங்குங்கள். பச்சைத் தவிடானால் வாங்கிய அன்றே புட்டு அவிப்பது போல நீராவியில் கால் மணி நேரம் அவித்து, நிழலில் நன்றாக உலர்த்துங்கள். கையில் தேய்த்து மணந்து பாருங்கள். பெயின்ற் அல்லது பழைய எண்ணெய் மணம் வந்தால் மீனுக்குப் போட வேண்டாம். ஆய்வுகூடத்தில் பேரொட்சைட்டு (எண்ணெய் ஒட்சியேறும்போது முதலில் உண்டாகும் பொருள்) அளவு குறைவாக வந்தாலும் மணம் கெட்டிருந்தால் மணத்தை நம்புங்கள். பேரொட்சைட்டு முதலில் ஏறி, பின் உடைந்து இறங்கிவிடும். அதிலிருந்து உண்டான பொருள்கள் தீனிலேயே இருக்கும்.

சுறா எண்ணெய் ஈரலுக்கு நல்லது என்று தீனில் ஊற்றலாமா?
— வாசகர், மூதூர்

வேண்டாம். சுறாவின் ஈரல் எண்ணெயில் விற்றமின் ஏ எவ்வளவு என்பது இனத்துக்கு இனம் பெருமளவு மாறும். திலாப்பியாவுக்குக் கிலோ தீனில் 5000 முதல் 7000 சர்வதேச அலகு ஏ போதும். மிஞ்சிய ஏ சிறுநீரில் போகாது, ஈரலில் சேரும். அளவு கடந்தால் வளர்ச்சி குன்றும், ஈரல் பெருத்து வெளிறும், செட்டை அழுகும், முள் வளையும். ஈரல் வெளிறியதைக் கண்டு இன்னும் எண்ணெய் ஊற்றினால் நோயையே வளர்க்கிறீர்கள்.

ஆழ்கடல் சுறாவின் எண்ணெயில் பெரும் பகுதி ஸ்குவாலீன். மீனுக்கு வேண்டிய கொழுப்பமிலம் அதிலிருந்து கிடைக்காது. திறந்த ரின்னில் மாதக்கணக்கில் நின்ற எண்ணெயாக இருந்தால் காறலும் சேரும். எண்ணெய் அவசியமென்றால் புதிதாக வாங்கிய சோயா எண்ணெய் கிலோ தீனுக்கு 10 முதல் 20 மில்லிலீற்றர் போதும். திலாப்பியாவுக்கு வேண்டிய லினோலிக் அமிலம் அதில் இருக்கிறது.

பார்மசியில் வாங்கும் பீ கொம்ப்ளெக்ஸ் குளிசையை அரைத்து, பச்சை முட்டையின் வெள்ளைக்கருவில் குழைத்துத் தீனில் பூசிக் கொடுக்கிறேன். சரியா?
— வாசகர், உப்புவெளி

குளிசையைவிட வெள்ளைக்கருதான் பிழை. பச்சை வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் என்ற புரதம் பயோற்றின் என்ற பீ விற்றமினை இறுகப் பற்றிக்கொள்ளும். குடல் அதை உறிஞ்ச முடியாது. கொழுப்பமிலம் கட்டும் முதற்படியில் வேலை செய்யும் நொதியத்துக்குப் பயோற்றின் கட்டாயம் வேண்டும். நீங்கள் ஒரு கையால் பீ விற்றமின் கொடுத்து, மறு கையால் அதில் ஒன்றைப் பறிக்கிறீர்கள். ஒரு வாரம் இரண்டு வாரத்தில் எதுவும் தெரியாது, மாதக்கணக்கில் செய்தால் பசி குறைந்து வளர்ச்சி நின்றுவிடும். வெள்ளைக்கருவை அவித்தால் அவிடின் கெட்டுவிடும், ஆனால் அப்போது ஒட்டாது. கோதுமை மாக் கஞ்சி, அல்லது வெந்நீரில் கரைத்த ஜெலற்றின், அல்லது கிலோவுக்கு 20 மி.லீ. சோயா எண்ணெய் ஆகியவற்றில் ஒன்றை எடுங்கள். எண்ணெய் சேர்த்தால் அதையும் கொழுப்புக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மனிதருக்கான குளிசையில் ஒன்றுக்கொன்று பொருந்தாத அளவுகள் இருக்கும், மீனுக்கு வேண்டிய சி அதில் பெரும்பாலும் இராது. பீ விற்றமின்கள் நீரில் கரைபவை, மேலே பூசியது மீன் கொத்தமுன் தண்ணீருக்குப் போய்விடும். மீன் தீனுக்கென்று வரும் விற்றமின் கலவையையே வாங்குங்கள். கோழித் தீனுக்கான கலவை வேண்டாம். கோழி தன் உடலிலேயே சி விற்றமினைச் செய்துகொள்வதால் அந்தக் கலவையில் சி சேர்ப்பதில்லை. திலாப்பியாவால் அப்படிச் செய்ய முடியாது.

மீனின் பூ (செவுள்) தடித்து ஒட்டிப் போயிருக்கிறது. தண்ணீரில் ஒட்சிசன் போதுமான அளவு இருந்தும் மீன் மேலே வந்து வாய் பிளக்கிறது.
— வாசகர், குச்சவெளி

ஒட்டுண்ணியையும் அமோனியாவையும் முதலில் பாருங்கள், அவைதான் அடிக்கடி வரும் காரணங்கள். இரண்டும் இல்லையென்றால் பந்தோதெனிக் அமிலம் என்ற பி5 விற்றமினின் குறைவை நினையுங்கள். கொழுப்பை எரிக்கவும் கட்டவும் வேண்டிய கோ-என்சைம் ஏ இதிலிருந்துதான் உண்டாகிறது. இது குறைந்த மீனின் பூ இதழ்கள் தடித்து, நுனியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கல்சியம் பந்தோதெனேற்று கிலோ தீனுக்கு 30 முதல் 50 மி.கி. சேர்த்து, பழைய தீனை முழுதாக மாற்றுங்கள்.

கூட்டில் கொடுவா வளர்க்கிறோம். சூடையும் நெத்தலியும் பச்சையாகவே வெட்டிப் போடுகிறோம். விற்றமின் தூளை அதிலேயே தூவிக் கலந்தால் போதுமா?
— வாசகர், சீனக்குடா

போதாது. இந்த வகை மீன்கள் பலவற்றில் தயமினேஸ் என்ற நொதியம் உண்டு. அது தயமினை, அதாவது பி1 விற்றமினை உடைக்கும். நீங்கள் வெட்டிக் கலந்து வைக்கும் நேரத்திலேயே தூளில் உள்ள பி1 போய்விடும். குளிரூட்டி வைத்தாலும் நொதியம் சாகாது. மீன் சமநிலை இழந்து சுழன்று நீந்துவதும், தொட்டால் வலிப்பு வந்தது போல் துடிப்பதும் பி1 குறைவின் அடையாளங்கள்.

விற்றமின் சேர்த்த உலர் தீனை ஒரு வேளையும் பச்சை மீனை வேறொரு வேளையும் கொடுங்கள். இரண்டையும் கலக்காதீர்கள். சூடையைக் கொதிநீரில் வேகவைத்து எடுத்தால் தயமினேஸ் கெட்டுவிடும், அதன்பின் ஆறவிட்டு விற்றமின் கலக்கலாம். சூடையின் எண்ணெய் மிகவும் நிறைவுறாதது, ஐஸ் இல்லாமல் வெயிலில் அரைநாள் கிடந்தாலே காறத் தொடங்கும். ஆகவே ஈ சேர்ப்பதோடு, கரைக்கு வந்ததும் ஐஸில் போட்டு அன்றே கொடுத்து முடிப்பதையும் பழக்கமாக்குங்கள். இயன்றவரை முழுமையான உலர் தீனுக்கு மாறுவதே எங்கள் பரிந்துரை.

வீட்டில் 10 கிலோ தீன் செய்யும்போது விற்றமினை எந்தக் கட்டத்தில், எவ்வளவு சேர்ப்பது?
— மகளிர் குழு, சம்பூர்

50 வீத ஈ தூள் 2 கிராம். இது கிலோவுக்கு 100 மி.கி. ஆகும். 35 வீதச் செயற்பாடுள்ள பொஸ்பேற்று வடிவ சி தூள் 4.3 கிராம், கிலோவுக்கு 150 மி.கி. சாதாரண அஸ்கோபிக் அமிலம் மலிவு, ஆனால் சூட்டிலும் சேமிப்பிலும் பெரும்பகுதி அழிந்துவிடும். மீன் விற்றமின் கலவையைப் பொதியில் எழுதியபடி. கலவையிலேயே ஈயும் சியும் போதிய அளவு இருந்தால் தனியே சேர்க்க வேண்டாம்.

நகைக்கடைத் தராசு போன்ற சிறு மின்தராசு இல்லாமல் இதைத் தொடங்காதீர்கள். கரண்டிக் கணக்கு ஒத்துவராது. நிறுத்த தூள்களை 100 கிராம் சோயா மாவில் கலந்து, அதை ஒரு கிலோவில் கலந்து, பிறகு முழுவதிலும் கலவுங்கள். நேரே 10 கிலோவில் தூவினால் ஒரு உருண்டையில் மூன்று மடங்கும் இன்னொன்றில் ஒன்றுமில்லாமலும் போகும்.

கோதுமை மாவை முதலில் கஞ்சியாகக் காய்ச்சி, கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். கொதிக்கும் கஞ்சியில் விற்றமின் போட்டால் வாங்கிய காசு ஆவியாகும். பிசைந்து இறைச்சி அரைக்கும் மெஷினில் நூலாகப் பிழிந்து, வலையில் பரப்பி நிழலில் காயவிடுங்கள். வெயிலில் காயவைத்தால் றைபோபிளேவின் (பி2 விற்றமின்) ஒளியில் அழியும். கொழுப்பமிலத்தை எரிக்கும் முதற்படியில் வேலை செய்யும் நொதியத்துக்கு அது வேண்டும். கச்சான் காற்றில் நிழலிலேயே ஒரு நாளில் காய்ந்துவிடும். மாரியில் காயாது, அந்த மாதங்களில் சிறு சிறு அளவாகச் செய்து விறகடுப்பின் மேல் தட்டில் இளஞ்சூட்டில் உலர்த்துங்கள். ஒடித்தால் சடக்கென்று முறிய வேண்டும், வளைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப் புகாத வாளியில் அடைத்து ஒரு மாதத்துக்குள் முடியுங்கள்.

சி விற்றமினுக்கும் கொழுப்புக்கும் என்ன தொடர்பு? முள் வளைவதற்குத்தானே அது?
— ஆசிரியர், திருகோணமலை நகர்

முள் வளைவது கொலாஜன் சரியாக உருவாகாததால். கொழுப்பிலும் அதற்குப் பங்குண்டு. நீண்ட கொழுப்பமிலங்களைக் கலத்தில் சக்தி உண்டாகும் இடமான இழைமணிக்குள் கொண்டுபோய் எரிக்கக் காணிற்றின் என்ற பொருள் வேண்டும். உடல் லைசினிலிருந்து காணிற்றின் செய்யும் வழியில் இரண்டு படிகளுக்கு சி துணை நிற்கிறது. தேங்காய்ப் புண்ணாக்கை நம்பிய தீனில் லைசினும் குறைவு என்பதை இங்கே சேர்த்து நினையுங்கள். செலவான ஈ விற்றமினை மீண்டும் வேலைக்குத் தயாராக்குவதும் சியின் வேலைகளில் ஒன்று.

கந்தளாய்க் குளத்தில் விடும் குஞ்சுகளுக்கு இதெல்லாம் வேண்டுமா?
— மீனவர் சங்க உறுப்பினர், கந்தளாய்

வேண்டாம். குளத்தில் மிதவையுயிரும் பாசியும் தின்னும் மீனுக்குத் தேவையான விற்றமின்கள் அவற்றிலிருந்தே கிடைக்கின்றன. பி12ஐத் திலாப்பியாவின் குடல் நுண்ணுயிர்களே செய்து கொடுத்துவிடும். கூட்டிலும் சீமெந்துத் தாங்கியிலும் நாம் போடுவதைத் தவிர மீனுக்கு வேறு வழியில்லை, அதனால்தான் அங்கு இத்தனை கணக்கு. குளத்தில் விடமுன் தாங்கியில் வைத்து வளர்க்கும் நாட்களுக்கு மட்டும் விற்றமின் சேர்த்த குஞ்சுத் தீன் கொடுங்கள்.